லேப் பபுள் பாயின்ட் என்கிறது, மாடல் ட்யூ பாயின்ட் என்கிறது: எண்ணெயா, கேஸா?

கேள்வி

வணக்கம். ரிசர்வாயர் (எண்ணெயும் கேஸும் தங்கியிருக்கும் பாறை) எஞ்சினியராக வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். ஒரு வாரமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், வழி தெரியவில்லை.

புதிதாகத் தோண்டிய ஆய்வுக் கிணறு. டெஸ்டில் கிடைத்தவை இவை: ரிசர்வாயர் அழுத்தம் 5,850 பி.எஸ்.ஐ, வெப்பநிலை 268 டிகிரி ஃபாரன்ஹீட். ஜி.ஓ.ஆர் (எண்ணெயோடு வரும் கேஸின் அளவு) பீப்பாய்க்கு 3,020 கன அடி. டேங்க் எண்ணெய் 44.5 ஏ.பி.ஐ (எண் கூடினால் எண்ணெய் லேசு), நிறம் ஆரஞ்சு கலந்த பழுப்பு. செபரேட்டரில் (மேலே வந்ததைக் கேஸாகவும் எண்ணெயாகவும் பிரிக்கும் கலன்) எடுத்த கேஸையும் எண்ணெயையும் லேப்பில் மறுபடி கலந்து பார்த்ததில் சி7 பிளஸ் (ஏழும் அதற்கு மேலும் கார்பன் கொண்ட கனமான பகுதி) 13.1 மோல் சதவீதம்.

லேப் அறிக்கையில் "பபுள் பாயின்ட், 5,120 பி.எஸ்.ஐ" என்று இருக்கிறது, அதாவது அழுத்தம் குறையும்போது எண்ணெயில் முதல் கேஸ் குமிழி தோன்றும் இடம். அதே கலவையை, திரவ, கேஸ் நிலைகளைக் கணக்கிடும் பெங்–ராபின்சன் சமன்பாட்டில் போட்டால் 5,095-ல் ட்யூ பாயின்ட் வருகிறது, அதாவது கேஸில் முதல் திரவத்துளி தோன்றும் இடம். அழுத்தம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, வகைதான் தலைகீழாக இருக்கிறது.

சி7 பிளஸ்ஸின் மூலக்கூறு எடையை 10 சதவீதம் வரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். அதை மூன்றாகப் பிரித்தேன், ஐந்தாகப் பிரித்தேன். மீத்தேனுக்கும் கனமான பகுதிகளுக்கும் இடையிலான பைனரி எண்ணையும் (இரண்டு கூறுகளும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதைக் குறிப்பது) மாற்றினேன். ஒருவழியாக பபுள் பாயின்ட் வந்தது, ஆனால் அடர்த்தி கெட்டுப்போனது. இதை வாலடைல் ஆயில் (நிறையக் கேஸ் கரைந்த லேசான எண்ணெய்) என்று எழுதுவதா, கேஸ் கண்டன்சேட் (அழுத்தம் குறைந்தால் திரவம் பிரியும் கேஸ்) என்று எழுதுவதா? அடுத்த வாரம் மாடலை ஒப்படைக்க வேண்டும்.

பதில் 1

டேங்க் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு என்கிறீர்கள், 40 ஏ.பி.ஐ-க்கு மேல் இருக்கிறது. நான் பார்த்த கண்டன்சேட் எல்லாம் இப்படித்தான் இருந்தன. மாடல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

நிறத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வாலடைல் ஆயிலும் பழுப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வரும், கண்டன்சேட்டும் அப்படியே வரும். ஏ.பி.ஐ-யும் இரண்டுக்கும் 40-க்கு மேல்தான். இவை கருப்பு எண்ணெயை (கேஸ் குறைவாகக் கரைந்த, கனமான சாதாரண எண்ணெய்) பிரித்துக்காட்ட உதவும், இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உதவாது.

தம்பி, மாடல் எண்களை மாற்றிப் பொருத்தும் ட்யூனிங்கை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். சமன்பாட்டைத் தொடுவதற்கு முன் சாம்பிளைச் சந்தேகப்பட வேண்டும், அதற்கும் முன்னால் சோதனை எந்த நிலையில் நடந்தது என்று பார்க்க வேண்டும். நான்கு விவரம் வேண்டும்.

சாம்பிள் எடுத்தபோது கிணற்றின் அடியில் ஓடும் அழுத்தம் எவ்வளவு? அது 5,100-க்குக் கீழே போயிருந்தால் கிணற்றைச் சுற்றியே இரண்டு நிலைகளாகப் பிரிந்திருக்கும். கண்டன்சேட்டாக இருந்தால் திரவம் பாறையிலேயே தங்கிவிடும், மேலே வருவது அசல் கலவையாக இருக்காது.

ஜி.ஓ.ஆர் நிலையாக இருந்ததா? அந்த 3,020-ல் டேங்கில் வெளியேறும் கேஸும் சேர்ந்ததா, இல்லை செபரேட்டர் கேஸ் மட்டுமா?

சி.சி.ஈ சோதனையில் (எதையும் வெளியேற்றாமல் அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பது) சாச்சுரேஷன் அழுத்தத்துக்கு (இரண்டாவது நிலை முதலில் தோன்றும் அழுத்தம்) கீழே முதல் இரண்டு மூன்று வரிகளில் திரவத்தின் சதவீதம் என்ன? உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக, லேப் எந்த வெப்பநிலையில் சோதித்தது? அறிக்கையைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

நன்றி சார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஓடும் அழுத்தம் 5,310. 5,100-க்கு மேலேதான். ஜி.ஓ.ஆர் சாம்பிள் எடுப்பதற்கு முந்தைய ஆறு மணி நேரமும் நிலையாக இருந்தது, டேங்க் கேஸும் அதில் அடக்கம். செபரேட்டர் எண்ணெய் பாட்டிலின் பபுள் பாயின்ட்டை செபரேட்டர் வெப்பநிலையில் அளந்திருக்கிறார்கள், அது செபரேட்டர் அழுத்தத்தோடு பொருந்துகிறது. பாட்டில் கசியவில்லை என்றே நினைக்கிறேன்.

சி.சி.ஈ வரிகள்: 5,120-ல் 100 சதவீதம் திரவம். 5,100-ல் 78. 5,060-ல் 64.

வெப்பநிலை... 250 என்று போட்டிருக்கிறது. இத்தனை நாளும் இதை நான் கவனிக்கவே இல்லை. மாடலில் நான் கொடுத்தது டெஸ்ட் கேஜ் காட்டிய 268. கோரிக்கைப் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கம்பியில் கருவியை இறக்கி எடுத்த வயர்லைன் லாக்கின் தலைப்பில் இருந்த எண்ணை எங்கள் பக்கத்திலேயே யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லேப் மேல் தவறில்லை.

18 டிகிரிதானே சார், அதற்குள் எண்ணெய் கேஸாக மாறிவிடுமா?

பதில் 2

உங்கள் திரவத்துக்கு மாறும். முதலில் திரவச் சதவீதத்தைப் பாருங்கள். 100-லிருந்து 64-க்கு வெறும் 60 பி.எஸ்.ஐ-யில் இறங்கியிருக்கிறது. கருப்பு எண்ணெயில் இந்த அளவு அழுத்தம் குறைந்தால் கொஞ்சம்தான் சுருங்கும். இப்படிச் சரிவது கிரிட்டிகல் புள்ளிக்கு மிக அருகில்தான். அங்கே திரவத்துக்கும் கேஸுக்கும் அடர்த்தியிலோ கலவையிலோ வித்தியாசம் பெரிதாக இருக்காது, அதனால் சிறிய தள்ளலிலேயே பாதித் திரவம் அந்தப் பக்கம் போய்விடும்.

இப்போது ஃபேஸ் என்வலப்பை (கிடையாக வெப்பநிலை, செங்குத்தாக அழுத்தம் வைத்து, திரவமும் கேஸும் சேர்ந்திருக்கும் பகுதியைக் காட்டும் படம்) வரைந்துகொள்ளுங்கள். இடது ஓரம் பபுள் பாயின்ட் கோடு, வலது ஓரம் ட்யூ பாயின்ட் கோடு. இரண்டும் சேரும் இடம் கிரிட்டிகல் புள்ளி. ரிசர்வாயர் வெப்பநிலை அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் இருந்தால், அழுத்தத்தைக் குறைக்கும்போது பபுள் பாயின்ட் கோட்டைத் தொடுவீர்கள், அது எண்ணெய். புள்ளிக்கு வலப்பக்கம், ஆனால் கிரிகொண்டன்தெர்முக்குள் (இரண்டு நிலைகளும் சேர்ந்திருக்கக்கூடிய உச்ச வெப்பநிலை) இருந்தால் ட்யூ பாயின்ட் கோட்டைத் தொடுவீர்கள், அது கண்டன்சேட். அதையும் தாண்டினால் பாறைக்குள் திரவமே விழாது. கலவை ஒன்றேதான், நீங்கள் எந்த வெப்பநிலையில் நிற்கிறீர்கள் என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது.

இந்தத் திரவத்தின் கிரிட்டிகல் வெப்பநிலை 250-க்கும் 268-க்கும் நடுவில் இருந்தால் லேப் சொன்னதும் சரி, மாடல் சொன்னதும் சரி. அழுத்தம் மட்டும் ஏன் ஒத்துப்போனது என்பதற்கும் இதுவே விளக்கம்: என்வலப் அந்த இடத்தில் கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது போலும்.

லாக் தலைப்பில் இருக்கும் வெப்பநிலையைப் பற்றி ஒன்று. தோண்டும்போது சுற்றிவரும் மண்குழம்பு பாறையைக் குளிரவைத்துவிடும். சுற்றுவதை நிறுத்திச் சில மணி நேரத்தில் லாக் எடுத்தால் பாறை இன்னும் பழைய சூட்டுக்குத் திரும்பியிருக்காது. இந்தக் குளிர்ச்சியை ஈடுசெய்யும் ஹார்னர் திருத்தம் போடாத லாக் வெப்பநிலை உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஓட்டத்தில் இருந்த டெஸ்ட் கேஜையே நம்புங்கள்.

பதில் 3

நான் பி.வி.டி (அழுத்தம், கன அளவு, வெப்பநிலை) லேப்பில் வேலை பார்க்கிறேன். கண்ணாடி செல்லுக்குள் இது எப்படித் தெரியும் என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

சாதாரண எண்ணெயில் வேலை சுலபம். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் மேலே ஒரு சின்னக் குமிழி நிற்கும், பார்த்தவுடன் தெரியும். மெலிந்த கண்டன்சேட்டில் முதலில் மூட்டம் போட்டு, அப்புறம் அடியில் மெல்லியதாகத் திரவம் சேரும். கிரிட்டிகல் அருகே இந்த இரண்டுமே நடக்காது. சாச்சுரேஷனை நெருங்கும்போதே செல் இருண்டு செம்பழுப்பாகிவிடும், ஒளி ஊடுருவாது. பிறகு சட்டென்று ஒரு கோடு தெரியும். அது மேலே தோன்றி வேகமாகக் கீழே இறங்கினால் பபுள் பாயின்ட், அடியில் தோன்றி வேகமாக மேலே ஏறினால் ட்யூ பாயின்ட். சரியாக கிரிட்டிகல் புள்ளியில் நடுவிலேயே தோன்றும். இரண்டு மூன்று முறை அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த வகைத் திரவத்தில் கேஸையும் எண்ணெயையும் மறுபடி கலக்கும்போது ஜி.ஓ.ஆர்-ல் வரும் சிறிய பிழைகூட வகையை மாற்றிவிடலாம். கேஸ் கொஞ்சம் கூடினால் கிரிட்டிகல் வெப்பநிலை இறங்கும், கலவை ட்யூ பாயின்ட் பக்கம் சாயும். அதனால் லேப்புக்கு எழுதும்போது "268-ல் சோதியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், எந்த ஜி.ஓ.ஆர்-க்குக் கலந்தார்கள், செபரேட்டரின் ஷ்ரிங்கேஜ் எண்ணை (செபரேட்டர் எண்ணெய் டேங்குக்கு வரும்போது சுருங்கும் அளவு) எங்கிருந்து எடுத்தார்கள் என்றும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

சார், மேடம், இரண்டு பேருக்கும் நன்றி. ட்யூன் செய்யாத பழைய மாடலையே 250-ல் ஓட்டிப் பார்த்தேன். பபுள் பாயின்ட், 5,112. என்வலப்பில் கிரிட்டிகல் வெப்பநிலை 259 டிகிரி. ஒரு வாரமாக நான் சரிசெய்யப் பார்த்தது சரியாகவே இருந்த மாடலை.

பதில் 4

நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சந்தேகம். ரிசர்வாயர் திரவ வகைகளைப் பிரிக்க மெக்கெய்ன் கொடுத்த எல்லைகளை வைத்துப் பார்த்தால் இது வாலடைல் ஆயில்தானே? ஜி.ஓ.ஆர் 3,200-க்குக் கீழே, சி7 பிளஸ் 12.5-க்கு மேலே. அப்படியானால் அந்த அட்டவணை தப்பா?

பதில் 2

தப்பில்லை. லேப் முடிவு வருவதற்கு முன், கையில் இருக்கும் டெஸ்ட் எண்ணை வைத்துத் திரவத்தை அடையாளம் காணத்தான் அந்த எல்லைகள். பீப்பாய்க்கு 600 கன அடி வந்தால் கருப்பு எண்ணெய் என்றும், 8,000 வந்தால் கண்டன்சேட் என்றும் துணிந்து சொல்லலாம். 3,020-ம் 13.1-ம் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் எண்கள். தவிர, அந்த அட்டவணையில் வெப்பநிலைக்கு ஒரு பத்தியே கிடையாது. ஆரம்ப ஜி.ஓ.ஆர்-ஐத்தான் அதில் போட வேண்டும் என்பதும் முக்கியம். சில வருடம் ஓடி ஜி.ஓ.ஆர் ஏறிய கிணற்றின் எண்ணை வைத்து எண்ணெயைக் கண்டன்சேட் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி, உங்களுக்கு அடுத்த வேலை இருக்கிறது. 250-ல் எடுத்த சோதனைகளை அப்படியே மாடலுக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்த அறிக்கையில் எண்ணெய் என்று நினைத்து டிஃபரன்ஷியல் லிபரேஷன் (படிப்படியாக அழுத்தத்தைக் குறைத்து, பிரியும் கேஸை ஒவ்வொரு படியிலும் முழுதாக வெளியேற்றும் சோதனை) செய்திருப்பார்கள். இந்தத் திரவத்துக்கு அது பொருந்தாது. அதன் கணக்கை வைத்துச் செய்யும் கருப்பு எண்ணெய் மாடலில், பாறையில் பிரியும் கேஸ் மேலே வந்தாலும் கேஸாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். உங்கள் கேஸ் மேலே வரும்போது நிறையத் திரவத்தைத் தன்னோடு கொண்டுவரும், அதைக் கணக்கில் விட்டால் கிடைக்கப்போகும் எண்ணெயைக் குறைத்துச் சொல்வீர்கள். 268-ல் சி.சி.ஈ-யும் சி.வி.டி-யும் (ஒவ்வொரு படியிலும் கேஸில் ஒரு பகுதியை எடுத்து, செல்லின் கன அளவை மாறாமல் வைக்கும் சோதனை) கேளுங்கள். சிமுலேஷனுக்கு, ஒவ்வொரு கூறையும் தனித்தனியாகக் கணக்கிடும் கலவை மாடலே எடுங்கள். நேரமில்லையென்றால் கேஸில் கரைந்த எண்ணெயையும் கணக்கில் கொள்ளும் மாற்றியமைத்த கருப்பு எண்ணெய் மாடலாவது வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஆழம் பற்றியது. சாம்பிள் ஒரே ஆழத்தில்தானே எடுத்தீர்கள்? கிரிட்டிகல் அருகே இருக்கும் திரவம் உயரமான பாறைப் பகுதியில் ஒரே கலவையாக இருப்பது அரிது. கீழே போகப் போகக் கனமான மூலக்கூறுகள் கூடும், மீத்தேன் குறையும். மேலே கண்டன்சேட், கீழே வாலடைல் ஆயில், நடுவில் கோடே இல்லாமல் ஒன்று மற்றொன்றாக மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் அழுத்தச் சரிவை (ஆழத்தோடு அழுத்தம் கூடும் வீதம்) வரைந்தால் கேஸ்–எண்ணெய் எல்லைக்கான முறிவு தெளிவாகத் தெரியாது. மேலிருந்து இறங்கும்போது ட்யூ பாயின்ட் ஏறிக்கொண்டே வரும், மாறும் இடத்தில் உச்சத்தைத் தொடும், அதற்குக் கீழே பபுள் பாயின்டாகி இறங்கும். உங்கள் சாம்பிள் அந்த உச்சத்துக்கு அருகில் எடுத்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

ஒரே ஆழம்தான் சார். உற்பத்தி மண்டலத்தின் நடுப்பகுதி. மேலேயும் கீழேயும் ஃபார்மேஷன் டெஸ்டர் (கிணற்றுக்குள் இறக்கிப் பாறையின் அழுத்தத்தை அளக்கும் கருவி) அழுத்தப் புள்ளிகள் இருக்கின்றன, சாம்பிள் இல்லை. புள்ளிகளை வரைந்து பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோல முறிவு இல்லை, ஆனால் கீழே போகப் போகச் சரிவு கொஞ்சம் கூடுகிறது.

மேலாளரிடம் பேசிவிட்டேன். மாடலை ஒப்படைக்கும் நாளைத் தள்ளிவைக்கச் சம்மதித்தார். மீதமிருக்கும் சாம்பிளை 268-ல் மறுபடி சோதிக்கக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் (ஏழு வாரம் கழித்து)

முடிவு வந்துவிட்டது. பின்னால் இதே சிக்கலோடு வருபவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

268-ல் ட்யூ பாயின்ட், 5,085 பி.எஸ்.ஐ. கோடு அடியில் தோன்றி மேலே ஏறியதாகக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள், மூன்று முறை திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள். 35 பி.எஸ்.ஐ கீழே போனதும் செல்லில் 38 சதவீதம் திரவம். பழைய மாடலில் சி7 பிளஸ்ஸின் மூலக்கூறு எடையை 2 சதவீதம் மட்டும் மாற்றியதில் அழுத்தம், அடர்த்தி, சி.வி.டி திரவ அளவு மூன்றும் பொருந்திவிட்டன.

அறிக்கையில் "கேஸ் கண்டன்சேட், கிரிட்டிகல் அருகே, 259 டிகிரிக்குக் கீழே பபுள் பாயின்ட்" என்று முழுதாக எழுதிவிட்டேன். பக்கத்திலேயே சோதனை வெப்பநிலையையும் தடித்த எழுத்தில் போட்டேன். ரிசர்வாயர் அழுத்தத்துக்கும் ட்யூ பாயின்ட்டுக்கும் நடுவில் 765 பி.எஸ்.ஐ-தான் இருக்கிறது என்பதால், கேஸைத் திருப்பிச் செலுத்தி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் திட்டத்தையும் இப்போதே சேர்த்துப் பார்க்கிறோம். அடுத்த கிணற்றில் மூன்று ஆழத்தில் சாம்பிள் எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. இந்த முறை கோரிக்கைப் படிவத்தை நானே நிரப்புகிறேன்.