மறு: ஸ்லோ குக்கருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று அந்த ஸ்லோ குக்கரிலேயே, அதாவது அடங்கிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் அந்த மின்சாரச் சட்டியிலேயே, ஒரு பண்டம் செய்து பார்த்தேன். அதனால்தான் எழுத வந்தேன்.

> மெதுசமைப்பான் என்பது நேரடியான சொல். எல்லாருக்கும் புரியும்.

ஓசூர் தம்பி, புரியும்தான். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "யாரு சமைப்பான்?" என்று கேட்டார். அது கிடக்கட்டும், எனக்கு இடிப்பது 'மெது'. அது நாம் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது. சட்டிக்குள் நடப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நான் செய்தது இது. கிளிமூக்கு மாங்காயைச் செங்காயாகப் பார்த்து எடுத்து, தோலும் கொட்டையும் நீக்கித் துண்டாக 1 கிலோ. வெல்லம் 200 கிராம், கொஞ்சமே தண்ணீரில் கரைத்து வடிகட்டியது. விரல் நீளப் பட்டை, கிராம்பு 4, தட்டிய சுக்கு, சிட்டிகை உப்பு. சூடு மெல்ல ஏறும் 'லோ' நிலையில் 3 மணி நேரம். வெள்ளைக்காரர்கள் ஆப்பிளிலும் பேரிக்காயிலும் இப்படிச் செய்து, ஆவி பறக்கக் கிண்ணத்தில் போட்டு ஐஸ்கிரீமோடு சாப்பிடுவார்கள். ஆனி மாதம் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிள் வாங்க எனக்கு மனசு வரவில்லை. மல்கோவா போட்டால் கரைந்துவிடும். கிளிமூக்குக்குக் கெட்டியும் உண்டு, புளிப்பும் உண்டு. வெந்த பிறகும் துண்டு துண்டாக நிற்கும். மாங்கூழ் ஆலையில் இருபது வருஷம் அந்தப் பழத்தோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், நம்பலாம். (பத்திரிகைக்கு அது மாங்கூழ். ஆலைக்குள் நாங்கள் சொன்னதெல்லாம் 'பல்ப்'தான்.)

போன வாரம் முதல்முறை செய்தபோது பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டேன். திறந்தால் பாயசம்! ஏன் என்று நேற்று கண்ணாடி மூடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடியின் அடியில் முத்து முத்தாக வியர்க்கிறது, திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. ஆவி வெளியே போவது சொற்பம். சட்டியைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி, என்னுடையது 200 வாட். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே போய் அப்படியே நிற்கிறது. லோ, ஹை இரண்டும் கடைசியில் ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் எட்டுகின்றன. ஹை சீக்கிரம் எட்டும், அவ்வளவுதான். ஆக, இங்கே எதுவும் தளதளவென்று கொதிப்பதில்லை, சுண்டுவதும் இல்லை. பழம் தன் தண்ணீரிலேயே புழுங்குகிறது.

இந்தச் சொல் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. களிக்கு உலையில் கேழ்வரகு மாவைக் கொட்டி மூடி, கொள்ளியை வெளியே இழுத்துவிட்டு, "செத்த புழுங்கட்டும்" என்பார் பாட்டி. மழைக்கு முன்னால் காற்றே இல்லாமல் வியர்த்தால் புழுக்கம் என்கிறோம். மூடிய இடம், அடங்கிய சூடு, வெளியே போக வழியில்லாத ஈரம்: மூன்றும் ஒரே வினையில் வந்துவிடுகின்றன. சங்கப் பாட்டிலேயே வெந்த உணவுக்குப் புழுக்கு என்று பேர். மலையாளத்தில் இன்றும் கப்பப் புழுக்கு உண்டு.

அதனால் கருவிக்குப் 'புழுக்கி', பண்டத்துக்குப் 'பழப்புழுக்கு' என்று முடிவுகட்டி, பெருமையோடு வீட்டில் அறிவித்தேன். மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எதுங்க, பழத்துல புழுவா?"

சரிதானே. மாம்பழம் விளைகிற ஊரில் பழத்தையும் புழுவையும் ஒரே சொல்லில் சேர்த்தால் யார் கையால் தொடுவார்கள்? வாடிப்போனேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போது வழியையும் அவளே காட்டினாள். "புழுங்கலரிசின்னு கேட்டு வாங்குறோமே, அதுல யாருக்காச்சும் புழு ஞாபகம் வருதா?" வரவில்லை. ககரத்துக்குப் பதில் ஙகரம் வந்ததும் புழு செத்துவிட்டது. ஆகவே என் பரிந்துரை: புழுங்குசட்டி. சுடுசோறு, ஊறுகாய், கொதிகலன் போல இதுவும் வினைத்தொகை. பண்டத்துக்கு மாம்பழப் புழுங்கல்.

> சட்டி, பானை என்று போனால் மின்கருவி என்பது எங்கே தெரியும்?

பென்னாகரம் ஐயா, குக்கர் என்பதில் மட்டும் கேஸ் தெரிகிறதா? உள்ளே இருப்பது நிஜமாகவே பீங்கான் சட்டிதான். இதை உருவாக்கிய அமெரிக்கர் இர்விங் நாக்சன் 1936-ல் விண்ணப்பித்து 1940-ல் காப்புரிமை வாங்கினார். லித்துவேனியாவில் வீட்டுக் குழம்புச் சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் இரவெல்லாம் விட்டுவைப்பார்கள் என்று அம்மா சொன்ன கதையிலிருந்து பிறந்த யோசனை. அவர் வைத்த பெயரில் இருந்தது பீன்ஸ். 1971-ல் வேறொரு நிறுவனம் கிராக்-பாட் என்று விற்றபோது பெயரில் வந்தது மண்சட்டி. அவர்களே சட்டி என்றுதான் விற்றார்கள், நமக்கு என்ன கூச்சம்?

காவேரிப்பட்டினம் அக்காவின் 'தணல்சட்டி' கேட்க அழகாக இருக்கிறது. வரட்டித் தணலில் பகலெல்லாம் காய்ந்து சிவந்த பாலின் வாசனையே வருகிறது. ஆனால் தணல் சட்டிக்குள் இருப்பதுபோல் தொனிக்கிறது. எனக்கு மாரியம்மன் கோயில் தீச்சட்டிதான் தோன்றியது.

கிருஷ்ணகிரியிலிருந்து

---

தம்பிக்கு,

தணலை நான் இப்போதைக்கு இழுத்துக்கொள்கிறேன். உன் சொல்லில் எனக்குப் பிடித்தது ஒன்று: புழுங்குவது வேறு, கொதிப்பது வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம். சிவப்பு ராஜ்மாவை நேராக இந்தச் சட்டியில் போட்டு லோவில் வைத்தால் அதிலுள்ள நஞ்சு போகாது, வயிற்றைப் புரட்டிவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தனிப் பாத்திரத்தில் 10 நிமிடமாவது கொதிக்கவிட்ட பிறகுதான் இதில் போட வேண்டும். 'மெதுசமைப்பானில் சமைக்கவும்' என்று எழுதினால் இந்த வித்தியாசம் யாருக்கு உறைக்கும்? 'கொதிக்கவிட்டு, பிறகு புழுங்கவிடவும்' என்றால் வேலை முடிந்தது.

வெல்லத்தை 150 கிராமாகக் குறை. நம் வயசுக்கு அது போதும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து

---

அண்ணா, சமைப்பானை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் லோ, ஹை இரண்டும் இன்னும் அந்தரத்தில் நிற்கின்றன. சித்த மருந்து காய்ச்சுகிறவர்கள் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று தீயைச் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரிப்பார்கள். தீபாக்கினியை 'விளக்குத்தீ' என்று ஆக்கி லோவுக்கு வைக்கலாமா?

ஓசூரிலிருந்து

---

தம்பி, விளக்கு நல்லது. இதில் தீ இல்லையே, 'விளக்குச்சூடு' என்று வைத்துப் பார். ஹைக்கு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பென்னாகரம் ஐயா இன்னும் கோபமாக இல்லை என்றால் அவரிடமே கேட்போம். இரண்டாவது சட்டி மாம்பழம் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் கரண்ட் போய்விட்டது. மூடியைத் திறக்காமல் காவல் இருக்கிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து