பத்மநாபபுரத்தில் தங்கம் தேடாதீர்கள்

பார்த்த அரண்மனைகளைப் பற்றி இங்கே எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். மைசூர் அரண்மனைக்குப் போய்வந்தவர்கள் விளக்கு அலங்காரத்தையும் தங்கச் சிம்மாசனத்தையும் பற்றி நிறையவே சொல்லிவிட்டீர்கள். நான் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போன கதையைச் சொல்கிறேன். அங்கே பளபளப்பது தரை ஒன்றுதான்.

நானும் கணவரும் மாமியாரும் எழும்பூரில் ரயில் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி, தக்கலைக்கு பஸ் பிடித்தோம். பக்கத்தில்தான் பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூர் அரசின் தலைநகரம் இதுதான். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் நம் மாநிலத்தோடு சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் கேரளத்திடமே இருந்துவிட்டது. இன்றும் அந்த மாநிலத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. டிக்கெட் கவுண்டரில் மலையாளம் கேட்டது, வாசலில் நுங்கு விற்றவரிடம் தமிழ் கேட்டது. மாமியார் இரண்டு பேரிடமும் தமிழிலேயே பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் கூடத்துக்குப் பூமுகம் என்று பெயர். சுவரில் ஓணவில்லுகள் (வில் வடிவில் ஓவியம் தீட்டிய மரப்பலகைகள்), ஓரமாகச் சீனர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலி, ஒரு கருங்கல் கட்டில். நாங்கள் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே பணியில் இருந்த பெரியவர், "மக்களே, மேலே பாருங்கள்" என்றார். மரக்கூரையில் வரிசை வரிசையாகப் பூக்கள். தொண்ணூறு பூக்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்றார். என் கணவர் எண்ண ஆரம்பித்துக் கழுத்து வலித்து நிறுத்திக்கொண்டார். பெரியவர் அடுத்து, தொங்கிக்கொண்டிருந்த குதிரை விளக்கைக் காட்டினார். அதை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும். தானாகச் சுழன்று பழைய இடத்துக்கு வராது. சங்கிலியின் கண்ணிகளை அப்படிக் கோத்திருக்கிறார்கள். தச்சரும் கொல்லரும் ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பார்த்ததுபோல் இருந்தது அந்தக் கூடம்.

மாடியில் மந்திரசாலை, ராஜா ஆலோசனை நடத்திய மண்டபம். மரப்படி செங்குத்தானது, குறுகலானது. குனிந்துதான் ஏற வேண்டும். மாமியாரின் மூட்டு என்ன ஆகுமோ என்று பயந்தேன். மேலே போனதும் அவர் செய்த முதல் காரியம், ஓர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டதுதான். எழுந்து வர மாட்டேன் என்றுவிட்டார். கறுப்புத் தரை, முகம் தெரிகிற வழவழப்பு. சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக்கரி, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச்சாறுகள் எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது. மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று வருகிறது, வெளிச்சம் மட்டும் மட்டுப்பட்டு வருகிறது. சன்னல்களில் கண்ணாடி இல்லை, நிறம் ஏற்றிய மைக்காத் தகடுகள். மின்விசிறி ஒன்றுகூட இல்லாமல் அந்த அறையில் ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். மேற்குப் பார்த்த மூன்றாவது மாடிக் குடியிருப்பில் மே மாதத்தைக் கழிக்கிற எனக்கு, ராஜா மேல் வந்த ஒரே பொறாமை இதுதான்.

அன்னதானம் நடந்த ஊட்டுப்புரை மிக நீளமானது, ஒரு தளத்தில் ஆயிரம் பேர் சாப்பிடலாம் என்கிறார்கள். வெறும் கூடம், சீக்கிரம் கடந்துவிடலாம். அறுபத்து நான்கு மூலிகை மரங்களால் செய்த கட்டில் ஒன்று இருக்கிறது, டச்சுக்காரர்கள் பரிசளித்தது என்கிறார்கள். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா தோற்கடித்ததும் இதே டச்சுக்காரர்களைத்தான். அப்போது பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, பக்கத்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். கட்டிலைப் பார்த்தவர்கள் அந்தக் கல்லறையையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. கூட்டமே இருக்காது.

அரண்மனையின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். அங்கே பலாமரத் தூண் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அடி முதல் நுனி வரை செதுக்கல். தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. அங்கிருந்த பெண் ஊழியர் என் கையைப் பார்த்தே புரிந்துகொண்டு, "வேண்டாம் அக்கா" என்றார். பிறகு அவராகவே நவராத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆண்டுதோறும் இங்கிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதையும், அரண்மனையில் ராஜாவின் உடைவாள் கைமாறுவதையும், இரண்டு மாநில அதிகாரிகளும் வந்து நிற்பதையும் அவர் சொன்ன விதத்தில், அந்த இடம் இன்னும் குடியிருக்கும் வீடு என்றே தோன்றியது. என் கணக்கில் அந்த ஊழியர்கள்தான் பாதி அருங்காட்சியகம். அறைக்கு ஒருவர் நிற்கிறார்கள். கேட்டால் சொல்கிறார்கள், கேட்காதவர்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு நடந்து போய்விடுகிறார்கள்.

சென்னைச் சேப்பாக்கத்தில் 1768-இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டிய அரண்மனை நமக்கும் இருக்கிறது. மெரினாவுக்குப் போகும்போதெல்லாம் கடந்து போகிறோம். அங்கே அரசு அலுவலகங்கள் வந்தன, 2012-இல் ஒரு பகுதி தீப்பிடித்தும் எரிந்தது. அதன் தரை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பத்மநாபபுரம் போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை, நடுப்பகலில் உணவு இடைவேளை உண்டு. காலையில் திறந்த உடனே போய்விடுங்கள், சுற்றுலா பஸ்கள் வருவதற்குள் மந்திரசாலையில் உட்கார இடம் கிடைக்கும்.