சென்னையை விட மாலே பக்கமாம்!

தெற்கத்தி டீச்சர்:
மாலத்தீவில் ஆங்கில டீச்சர் வேலைக்குப் போகலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டதற்கு வடசேரிக்காரன் எழுதிய பதிலைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "அதெல்லாம் ஒரு வெளிநாடா? நாகர்கோவிலுக்குச் சென்னையை விட அதன் தலைநகர் மாலே பக்கம். கடலைப் பார்த்துக்கொண்டே ஏ பி சி டி சொல்லிக்கொடுத்தால் சம்பளம்." அண்ணாச்சி, நான் வேலை பார்த்தது மாலத்தீவின் தென்கோடித் தீவுக்கூட்டமான அட்டுவில். நிலநடுக்கோட்டுக்கும் தெற்கே, மாலேயில் இறங்கிய பிறகு இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். ஏ பி சி டியாம்!

வடசேரிக்காரன்:
கோபம் எதற்கு டீச்சர்? திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் மாலே ஒன்றரை மணி நேரம்தான். சென்னைக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். எது பக்கம்?

தெற்கத்தி டீச்சர்:
விமானத்தையும் ரயிலையும் ஒப்பிடுவது எந்த ஊர்க் கணக்கு? திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கும்தான் விமானம் போகிறது. மார்த்தாண்டம் மேம்பாலம் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் பாதியை மறைத்துப் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

குளச்சல் கணக்கன்:
வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தேன். நாகர்கோவிலிலிருந்து இரண்டுமே சுமார் 620 கிலோமீட்டர். மாலே ஒரு பொடி முன்னே வருகிறது, அவ்வளவுதான். விடுங்க மக்கா.

வடசேரிக்காரன்:
முன்னே வருகிறது என்று அவரே சொல்லிவிட்டார். வேறென்ன வேண்டும்?

தங்கச்சி பி.எட்:
கேள்வி கேட்டது நான்தான். தூரம் கிடக்கட்டும் அக்கா. வீடு, சாப்பாடு, சம்பளம் எப்படி என்று சொல்வீர்களா?

தெற்கத்தி டீச்சர்:
சொல்கிறேன் மோளே. மற்ற பாடமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் பிள்ளைகளுக்கு அந்த நாட்டு மொழியான திவேஹிதான். அதன் தானா எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுவார்கள், சின்ன வகுப்பில் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறந்து வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும். விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம ஊரில் கோயில் மணி அடிக்கிற நேரத்தில் அங்கே வாரத்தின் முதல் பீரியட் ஓடும், கிறிஸ்துமஸுக்கும் லீவு கிடையாது. சாமி சிலையைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதே, வழிபாட்டுச் சிலைகளுக்கு சுங்கத்தில் தடை. மீனுக்குப் பஞ்சமில்லை, சூரையை வேகவைத்த சாறு, கருதியா என்பார்கள், தினமும் உண்டு. காய்கறிதான் கஷ்டம். தென்மேற்குப் பருவக்காற்று ஏறிவிட்டால் படகு வராது, தக்காளி கண்ணில் படாது. சம்பளம் அந்த நாட்டுப் பணமான ரூபியாவில். ஒரு டாலருக்கு 15.42 என்பது அரசு விகிதம், ஆனால் அந்த விலைக்கு டாலர் கிடைப்பது லேசில்லை, டாலர் இல்லாமல் ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவாய்? அதை முதலில் கேட்டுக்கொள். என் ஏஜென்ட் இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் கமிஷனை மட்டும் சரியாக எண்ணி வாங்கினான். இத்தனையும் சென்னைக்குப் போகிறவனுக்கு உண்டா? அப்புறம் எப்படி மாலே பக்கம்?

வடசேரிக்காரன்:
கஷ்டம் வேறு, தூரம் வேறு. நான் தூரத்தைச் சொன்னேன்.

விளவங்கோடன்:
எல்லாரும் நாகர்கோவிலிலிருந்தே அளக்கிறீர்களே, குமரி மாவட்டம் அங்கேயே முடிந்துவிட்டதா? கேரள எல்லையில் இருக்கிற எங்கள் களியக்காவிளையிலிருந்து அளந்து பாருங்கள், மாலே இன்னும் பக்கம். எங்களை எப்போதுதான் கணக்கில் சேர்த்தீர்கள்!

தெற்கத்தி டீச்சர்:
அப்படியா? மாவட்டத்தின் இன்னொரு முனை ஆரல்வாய்மொழியிலிருந்து அளந்தால் சென்னைதான் பக்கம். போய் அளந்து பாருங்கள்.

வடசேரிக்காரன்:
ஆரல்வாய்மொழியில் காற்றாலை எண்ணுகிறவனா மாலேக்குப் போகிறான்? சரி, ஒன்று கேட்கிறேன். நம்ம ஊர் உச்சரிப்பை வைத்துக்கொண்டு அங்கே என்ன ஆங்கிலம் கற்றுக்கொடுத்தீர்கள்?

தெற்கத்தி டீச்சர்:
1809-லேயே ரிங்கல்தௌபே என்ற மிஷனரி நம்ம மாவட்டத்து மயிலாடியில் பள்ளிக்கூடம் தொடங்கிய மண் இது. என் உச்சரிப்பில் படித்த பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வில் நல்ல கிரேடு வாங்கினார்கள். நீங்கள் உங்கள் தூரக் கணக்கைப் பாருங்கள்.

விளவங்கோடன்:
ஆரம்பித்தது மயிலாடி, பெருமை மட்டும் நாகர்கோவிலுக்கு. வழக்கம்போல.

குளச்சல் கணக்கன்:
அந்தப் பிள்ளை இன்னொரு தடவை கேள்வி கேட்கவே பயப்படப் போகிறது.

தெற்கத்தி டீச்சர்:
நான் பதில் சொல்லிவிட்டேன், வேறு யார் சொன்னது? சென்னை என்றால் எது என்று முதலில் சொல்லுங்கள். பாதிப் பேர் தாம்பரத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். தாம்பரம் வரை சுமார் 600-தான். தீர்ந்தது உங்கள் மாலே.

வடசேரிக்காரன்:
தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம் டீச்சர். சென்னையே இல்லை.

தெற்கத்தி டீச்சர்:
அப்படிப் பார்த்தால் உங்கள் விமானம் இறங்குகிற இடமும் மாலே இல்லை, ஹுல்ஹுலே. அது வேறு தீவு.

வடசேரிக்காரன்:
2018-ல் பாலம் கட்டி மாலேயோடு சேர்த்துவிட்டார்கள். நீங்கள் எந்தக் காலத்தில் அங்கே இருந்தீர்கள்?

தெற்கத்தி டீச்சர்:
பாலம் கட்டினால் தீவு ஒன்றாகிவிடுமா? பாம்பனில் 1914-லேயே பாலம் வந்துவிட்டது, ராமேஸ்வரம் என்ன தீவு இல்லையா?

விளவங்கோடன்:
ராமேஸ்வரத்துக்கு எங்கிருந்து அளக்கிறீர்கள், அதுவும் நாகர்கோவிலிலிருந்தா?