சுண்டிய பாலில் பாக்டீரியா நச்சைக் கண்டறிய விரைவுச் சோதனைப் பட்டை போதுமா?

கேள்வி: பால் தொழில் செய்பவர், திருமங்கலம்

வணக்கம். நாங்கள் சிறிய அளவில் பாலைச் சுண்டக் காய்ச்சி, மதுரையிலுள்ள ஜிகர்தண்டா கடைகளுக்கும் இனிப்புக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறோம். கோடையில் மாலைக் கறவைப் பால் எங்களிடம் வந்து சேர நெடுநேரம் ஆகிவிடுகிறது; மின்வெட்டும் சேர்ந்துகொண்டால் குளிரூட்டும் தொட்டியை நம்ப முடிவதில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி உண்டாக்கும் நச்சு, பாலைக் கொதிக்க வைத்தாலும் அழியாது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதிலிருந்து கவலையாக இருக்கிறது. அரை மணி நேரத்திற்குள் விடை தரும் சோதனைப் பட்டையைச் சுண்டிய பாலில் வைத்துப் பார்த்து, கோடு விழவில்லை என்றால் கடைகளுக்கு அனுப்பிவிடலாமா? பி.சி.ஆர். சோதனை இதைவிட நம்பகமானதா?

பதில் 1: நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர், மதுரை

தாங்கள் கேட்டது உண்மைதான். அந்த நச்சு 100 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் கொதித்த பிறகும் வீரியத்தோடு இருக்கும். 2000ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா பகுதியில் பால் பொருள்களை உட்கொண்ட 13,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதற்குக் காரணமான பால்மாவைத் தயாரித்த ஆலையில் மின்தடை ஏற்பட்டு, பால் சூடான நிலையிலேயே தேங்கியபோது கிருமி பெருகி நச்சை உண்டாக்கியது. பின்னர் சூடாக்கியதில் கிருமி மடிந்தது, நச்சு எஞ்சியது.

பட்டைச் சோதனை, கர்ப்பத்தை அறியும் பட்டையைப் போன்றே, எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பற்றும் புரதம்) நச்சைப் பற்றிக்கொள்வதால் கோடு தோன்றும் முறையில் இயங்குகிறது. எதிர்ப்பொருளைக் கொண்டே ஆய்வகத்தில் செய்யும் எலைசா சோதனைக்குச் சில மணி நேரமும், லேட்டக்ஸ் துகள்கள் திரளும் முறைக்கு ஏறத்தாழ ஒரு நாளும் தேவைப்படும். பி.சி.ஆர். காட்டுவது நச்சை உண்டாக்கும் மரபணுவை மட்டுமே. அந்தக் கிருமி நச்சைச் சுரந்ததா என்பதை அது சொல்லாது. ஆகவே தங்கள் தேவைக்கு அது பொருந்தாது.

பதில் 2: உணவுத் தொழில்நுட்பவியலாளர், உசிலம்பட்டி

கோடு விழாத ஒரே காரணத்தால் சரக்கை அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். வெப்பத்தால் நச்சுப் புரதத்தின் வடிவம் ஓரளவு மாறும்போது, எதிர்ப்பொருளால் அதை அடையாளம் காண முடியாமல் போகலாம். ஆனால் உண்டவருக்கு வாந்தியை உண்டாக்கும் திறன் அதற்கு அப்போதும் இருக்கக்கூடும். மேலும், இந்த நச்சில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டிருந்தும், பெரும்பாலான சோதனைத் தொகுப்புகள் ஏ முதல் ஈ வரையிலான ஐந்தை மட்டுமே காட்டுகின்றன. சுமார் 100 நானோகிராம் உட்சென்றாலே நோய் வரக்கூடும் என்பதால், மிகக் குறைந்த அளவையும் காட்டும் சோதனையே பயன்படும்.

எனவே, காய்ச்சுவதற்கு முன் பச்சைப் பாலையே சோதியுங்கள். அதில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000ஐ எட்டினால் நச்சு உருவாகியிருக்க வாய்ப்புண்டு என்று கொள்வது வழக்கம். எண்ணிக்கை வருவதற்கு ஓரிரு நாள் ஆகும் என்பதால், அது அன்றைய பாலைக் காப்பாற்றாது. எந்தச் சேகரிப்பு நிலையத்துப் பால் தொடர்ந்து கெடுகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பச்சைப் பாலில் இயல்பாகவே உள்ள பெராக்சிடேஸ் நொதி, சில எலைசா முறைகளில் பொய்யான நேர்மறை முடிவைத் தரும் என்பதையும் ஆய்வகத்தாரிடம் நினைவூட்டுங்கள்.

ஏற்கெனவே காய்ச்சிய பாலுக்கு, வெப்பம் தாங்கும் நியூக்ளியேஸ் நொதியைத் தேடும் சோதனை உதவும். கிருமி மடிந்தாலும் அந்த நொதி எஞ்சியிருப்பதால், முன்பு அங்கே அது பெருகியதற்கான தடயம் கிடைக்கும். டொலுயிடின் நீலம் என்ற சாயம் கலந்த ஆய்வகக் கூழ் ஊடகத்தில் சில மணி நேரத்தில் இளஞ்சிவப்பு வளையம் தோன்றும், செலவும் குறைவு. வேறு சில பாக்டீரியாக்களும் இந்நொதியைச் சுரப்பதால், வளையம் தோன்றினால் நச்சுக்கான எலைசாவால் உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. என் மைத்துனர் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறார். மீந்த சோற்றுக்கும் இதே பட்டை உதவுமா?

பதில் 2 எழுதியவர்

உதவாது. சோற்றில் அஞ்சத்தக்கது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் செரியுலைடு என்னும் நச்சு. அது புரதத்தைவிட மிகச் சிறிய, வளைய வடிவ மூலக்கூறு (பெப்டைடு) என்பதால் அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்குவது கடினம்; மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைநிறமாலைக் கருவியுள்ள ஆய்வகத்தில்தான் துல்லியமாக அளக்க முடியும். 121 டிகிரி வெப்பத்தையும் அது தாங்குவதால், மறுபடி சூடாக்குவதில் பயனில்லை. பரிமாறும் வரை சோற்றை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மீந்ததை அகலமான தட்டுகளில் பரப்பி விரைவில் குளிர்பெட்டிக்கு மாற்ற முடியாவிட்டால் கொட்டிவிடச் சொல்லுங்கள்.