வன்முறைச் சம்பவப் பதிவேடு: ஒரே குண்டுவெடிப்புக்கு மூன்று எண்ணிக்கை வந்தால் எதை எழுதுவது?

மஞ்சக்குப்பம் வாசகன் கேட்டது:

வணக்கம். கடலூரில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு பதிவேடு தயாராகிறது. 2014 முதல் ஐஎஸ், அல் கொய்தா, அவற்றின் கிளைகள், போகோ ஹராம், அல் ஷபாப், பாகிஸ்தான் தாலிபான் போன்ற குழுக்கள் நடத்திய தாக்குதல்கள்: நாள், ஊர், குழு, இறந்தோர், காயமடைந்தோர். முடிந்ததும் தமிழில் சிறு கையேடாக வரும். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும்தான் வாசிக்கப் போகிறார்கள்.

ஏறக்குறைய 300 வரிகள் ஏற்றியாகிவிட்டது. இப்போது மூன்று இடத்தில் முட்டுகிறது. ஒன்று, ஒரே சம்பவத்துக்கு ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஒவ்வோர் எண் இருக்கிறது. இரண்டு, ஒரே குழு நான்கு பெயரில் வருகிறது. மூன்று, வாட்ஸ்அப்பில் சுற்றும் "இத்தனை ஆயிரம் தாக்குதல்" என்ற பட்டியலைச் சேர்க்கச் சொல்லி வட்டத்தில் சிலர் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

முதலில் எந்தக் கிணற்றில் இறைக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள் சார். நாலு கிணற்றுத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. எண்கள் மாறுவதற்குப் பாதிக் காரணம், ஒவ்வொருவரும் எண்ணும் பொருளே வேறு என்பதுதான்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்து உலகப் பயங்கரவாதத் தரவுத்தளமான ஜிடிடி 1970இல் தொடங்கி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களை வைத்திருக்கிறது. அதில் ஒரு சம்பவம் நுழைய மூன்று நிபந்தனைகள் கட்டாயம்: வேண்டுமென்றே செய்தது, வன்முறை அல்லது வன்முறை மிரட்டல், செய்தது அரசு அல்லாத தரப்பு. அதற்கு மேல் அரசியல், சமய, சமூக நோக்கம். நேரடியாக அடிபட்டவர்களைத் தாண்டி வேறொரு கூட்டத்தை அச்சுறுத்தும் எண்ணம். போர்விதிகளுக்கு உட்பட்ட போர்ச் செயலாக இல்லாமை. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். பொதுமக்களையே குறிவைத்தவை மட்டும் வேண்டுமானால் அந்த மூன்றாவது நிபந்தனைக்கான பத்தியை (நெடுவரிசையை) வடிகட்டியாகப் போடுங்கள். ராணுவ முகாம் தாக்குதல்களில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து மோதல் தரவுத் திட்டமான யூசிடிபிக்குப் பயங்கரவாதம் என்ற வகையே கிடையாது. அரசோடு மோதல், அரசு சாராத இரு குழுக்களின் மோதல், நிராயுதபாணிகள் மீது ஒருதரப்பு வன்முறை என்று மூன்றுதான். குறைந்தது ஒருவராவது இறந்தால்தான் அது சம்பவம். அந்த மோதல் ஓர் ஆண்டிலாவது 25 மரணத்தைத் தொட்டிருக்கவும் வேண்டும். ஆகவே யாரும் சாகாத குண்டுவெடிப்பு ஜிடிடியில் இருக்கும், இதில் இருக்காது. அதைப் பிழை என்று நினைத்து நிரப்ப வேண்டாம்.

ஆயுத மோதல் சம்பவங்களைத் தொகுக்கும் ஏக்லெட் தளம் வாரந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. அங்கும் பயங்கரவாதம் என்ற முத்திரை இல்லை. மோதல், வெடிப்பு, பொதுமக்கள் மீது வன்முறை என்றுதான் வகை. ஒன்றைக் கவனியுங்கள்: செய்தியில் எண் சொல்லாமல் "பலர் பலி" என்று மட்டும் வந்தால், போர்ப்பகுதி என்றால் 10, மற்ற இடம் என்றால் 3 என்று போடுவது அவர்கள் வழக்கம். அதனால் 10 என்று தெரியும் எல்லா வரியும் எண்ணிப் பார்த்த 10 இல்லை. குறிப்புப் பத்தியைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

உங்கள் வேலைக்கு யூசிடிபியை அடித்தளமாக வைக்கலாம். குறைந்தபட்சம், சிறந்த மதிப்பீடு, அதிகபட்சம் என்று மூன்று எண்ணும் தருகிறார்கள், பொதுமக்கள் மரணத்தைத் தனிப் பத்தியில் பிரிக்கிறார்கள், பதிவு செய்யாமலே இறக்கிக்கொள்ளலாம். தாக்குதல் முறை, ஆயுதம் போன்ற விவரத்துக்கு 2020 வரை ஜிடிடி. கடைசிச் சில மாதங்களுக்கு ஏக்லெட். அதற்குக் கணக்கு தொடங்க வேண்டும். உங்கள் வட்டத்தில் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால் கல்லூரி மின்னஞ்சலில் பதிவு செய்வது நல்லது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கைக்கு டெல்லியிலிருந்து வரும் தெற்காசியப் பயங்கரவாதத் தகவல் தளமான எஸ்ஏடிபியும் உதவும். பொதுமக்கள், பாதுகாப்புப் படையினர், ஆயுததாரிகள் என்று மூன்றாகப் பிரித்தே தருவார்கள்.

எதைச் செய்தாலும் ஒவ்வொரு வரிக்கும் "எந்தத் தளம், எந்தப் பதிப்பு, எந்த நாளில் இறக்கியது" என்ற பத்தி இருக்கட்டும். ஏக்லெட் பழைய வரிகளையும் திருத்திக்கொண்டே இருக்கும். புதிய வாரத்தை மட்டும் கீழே ஒட்டினால் திருத்தங்கள் கைநழுவும். முழுக் கோப்பையும் புதிதாக இறக்கிப் பழையதன் மேல் மாற்றுங்கள்.

---

மஞ்சக்குப்பம் வாசகன் எழுதியது:

மிக்க நன்றி சார். ஒரு சின்னச் சந்தேகம். ஜிடிடி கோப்பை எக்செல்லில் திறந்து சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தேன். சம்பவ எண் பத்தியில் பல வரிகள் ஒரே எண்ணாகிவிட்டன. "2.01904E+11" என்று நிற்கிறது.

---

கெடிலக்கரை எழுதியது:

அந்த எண் 12 இலக்கம். முதல் எட்டு இலக்கம் ஆண்டு, மாதம், நாள்; கடைசி நான்கு அன்றைய வரிசை எண். 12 இலக்கம் வந்தாலே எக்செல் அதைச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும், கடைசி இலக்கங்கள் போய்விடும். அந்தக் கோப்பைச் சரிசெய்ய வழியில்லை. மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்கி, அந்தப் பத்தியின் வடிவத்தை முதலிலேயே தசமம் இல்லாத "எண்" என்று மாற்றி, 12 இலக்கமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

இறந்தோர் பத்தியில் வெற்றாக இருக்கும் கட்டங்களைச் சுழியமாக நிரப்பிவிடாதீர்கள். வெற்று என்றால் தெரியவில்லை. சுழியம் என்றால் யாரும் சாகவில்லை. சராசரி எடுக்கும்போது இந்த இரண்டும் கலந்தால் மொத்தக் கணக்கும் பொய்யாகும்.

---

குருசுக்குப்பம் எழுதியது:

எண் ஏன் மாறுகிறது என்பதற்கு இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொண்டால் போதும்.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. நான்கு நாள் கழித்து 359 என்றிருந்த எண்ணிக்கையை அரசே 253 ஆகக் குறைத்தது. சிதறிய உடல்களைக் கணக்கிட்டதில் ஒருவரே இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தார்கள். பிறகு காயமடைந்தவர்கள் இறந்ததில் 260ஐத் தாண்டியது. 24ஆம் தேதிப் பத்திரிகையை வைத்து எழுதியவர் கையேட்டில் இன்றும் 359தான் நிற்கும்.

சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் நேர் எதிர். 2017 அக்டோபர் 14 லாரிக் குண்டு. முதல் நாள் இருபதுக்கு மேல் என்றார்கள், இரண்டு நாளில் 276, அந்த வாரக் கடைசியில் 358, டிசம்பரில் 512, அடுத்த மார்ச்சில் அதற்கென அமைந்த குழு சொன்னது 587. இடிபாட்டில் எரிந்துபோனவர்கள், உறவினர் தேடி வந்த பிறகே தெரியவந்தவர்கள். அவர்களைப் பதிவேட்டில் சேர்க்காமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

அதனால் இறந்தோருக்கு ஒரு பத்தி போதாது. குறைந்தபட்சம், சிறந்த மதிப்பீடு, கூடியது, எந்த நாள் செய்தி என்று நான்கு வையுங்கள். சம்பவம் நடந்து ஒரு வாரத்தில் ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை, ஓர் ஆண்டில் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் விட்டுவையுங்கள்.

தாக்கியவர்களின் மரணத்தைத் தனிப் பத்தியாக்குங்கள். ஜிடிடியின் மொத்த எண்ணில் தாக்கியவரும் சேர்த்திதான். அவர்களுக்கென்று இன்னொரு பத்தியும் உண்டு, அதைக் கழித்தால்தான் பலியானவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். 2022 அக்டோபர் 23 கோவை கார் வெடிப்பில் இறந்தது காரில் இருந்தவர் ஒருவர் மட்டுமே. கழிக்காமல் எழுதினால் "ஒருவர் பலி" என்று தப்பாக வாசிக்கப்படும்.

அடுத்து, ஒரு சம்பவமா பல சம்பவமா என்பது. ஜிடிடியில் நேரமோ இடமோ விட்டுப்போனால் தனித்தனி வரி. ஈஸ்டர் அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்கள், கொழும்பில் மூன்று ஓட்டல்கள், அப்புறம் தெஹிவளை, தெமட்டகொட. எட்டு வெடிப்பு, ஒரே சதி. 1998 பிப்ரவரி 14 கோவையும் அப்படித்தான், 11 இடத்தில் 12 குண்டு, 58 பேர் பலி. வரிகளைத் தனியாகவே வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு "சதி எண்" கொடுங்கள். "எத்தனை தாக்குதல்" என்று கேட்டால் சதி எண்ணை எண்ணுங்கள், "எங்கே எத்தனை பேர்" என்றால் வரியை எண்ணுங்கள். எந்த முறையில் எண்ணினீர்கள் என்று வரைபடத்தின் அடியிலேயே எழுதுங்கள்.

---

பரங்கிப்பேட்டை மரைக்கார் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பெயர் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி.

மொசாம்பிக்கின் காபோ டெல்கடோவில் 2017 அக்டோபரில் மொசிம்போவா டா பிராயாவைத் தாக்கித் தொடங்கிய குழுவை ஊர் மக்கள் அல் ஷபாப் என்றுதான் சொல்கிறார்கள். சோமாலியாவின் அல் ஷபாப் அல் கொய்தாவோடு நிற்பது. மொசாம்பிக் குழு ஐஎஸ் பக்கம் போனது. பெயரை மட்டும் வைத்துக் கூட்டினால் எதிரெதிர் முகாம் இரண்டும் ஒரே வரியில் உட்காரும். செய்திகளில் இன்றும் "போகோ ஹராம்" என்று எழுதப்படுவதில் இரண்டு குழு இருக்கிறது: 2016 ஆகஸ்டில் பிரிந்த ஐஎஸ் மேற்கு ஆப்பிரிக்கக் கிளை ஒன்று, பழைய தலைவர் ஷெகாவ் பக்கம் நின்றது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று கொன்றவை. சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் அல் கொய்தா சார்பு ஜேஎன்ஐஎம் 2017 மார்ச்சில் நான்கு குழு சேர்ந்து உருவானது. அதற்கு முந்தைய சம்பவத்துக்கு அந்தப் பெயரை எழுதக்கூடாது, அன்றைய பெயரை எழுதுங்கள்.

யூசிடிபியில் ஐஎஸ் கிளைகள் பல நாட்டிலும் "ஐஎஸ்" என்ற ஒரே பெயரில் வரும். நாட்டுப் பத்தியைச் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான ஒன்று. "தவ்ஹீத் ஜமாஅத்" என்பது பல அமைப்புகள் தாங்கும் பொதுப்பெயர். ஈஸ்டர் தாக்குதலில் தொடர்புடையதென்று இலங்கை அரசு சொல்லித் தடைசெய்தது நேஷனல் தவ்ஹீத் ஜமாஅத்தை. சுருக்கி எழுதினால் அந்தப் பழி வேறு அமைப்புகள் மேல், பரங்கிப்பேட்டையிலும் கோட்டக்குப்பத்திலும் இருக்கும் சாதாரண ஜனங்கள் மேல் விழும். முழுப் பெயரும் நாடும் எழுதுங்கள்.

தமிழ் எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக்குங்கள். தாலிபான், தலிபான், தாலிபன் என்று மூன்றாக இருந்தால் கணினி மூன்று குழுவாக எண்ணும். ஒரு தனித் தாளில் குழுவுக்கு ஓர் எண், அதற்கு நேரே ஒரே ஒரு எழுத்துக்கூட்டல், பழைய பெயர்கள், தொடங்கிய நாள், பிரிந்த நாள். பதிவேட்டில் எண்ணை மட்டும் போடுங்கள்.

யார் செய்தது என்ற பத்திக்கு நான்கு நிலை வேண்டும்: குழுவே பொறுப்பேற்றது, நீதிமன்றத்தில் உறுதியானது, அரசு குற்றம் சாட்டியது, தெரியாது. 2014 டிசம்பர் 16 பெஷாவர் பள்ளியில் 132 பிள்ளைகள் கொல்லப்பட்டதைப் பாகிஸ்தான் தாலிபான் ஏற்றது. மொகதிசு லாரிக் குண்டை அல் ஷபாப் ஏற்கவில்லை, அரசு சொன்னது. 2017 நவம்பர் 24 எகிப்தின் பீர் அல் அப்து பள்ளிவாசலில் ஜும்மா தொழுகையில் 300க்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். ஐஎஸ் கொடி இருந்ததாக அரசுத் தரப்பு சொன்னது, யாரும் ஏற்கவில்லை. முதலாவது ஒரு நிலை, மற்ற இரண்டும் வேறு நிலை.

வாட்ஸ்அப் பட்டியலைச் சேர்க்க வேண்டாம். எதைச் சேர்ப்போம், எதை விடுவோம் என்ற விதி அதில் எழுதியில்லை. கொன்றவர் பெயர் முஸ்லிம் பெயர் என்றால் குடும்பக் கொலையும் தெருச் சண்டையும் உள்ளே வந்துவிடும். அதற்குப் பதில், பலியானவர் யார் என்று ஒரு பத்தி வையுங்கள். பெஷாவர், மொகதிசு, பீர் அல் அப்து மூன்றிலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் முஸ்லிம்கள். இது கையேட்டின் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தலைப்பில் "இஸ்லாமியத் தீவிரவாதிகள்" வேண்டாம். தமிழில் இஸ்லாமியர் என்றாலே முஸ்லிம் என்றுதான் பொருள் படும். குழுவின் பெயரைச் சொன்னாலே போதும்.

---

மஞ்சக்குப்பம் வாசகன் எழுதியது:

அண்ணே, மிக்க நன்றி. பட்டியலைத் தவிர்த்துவிடுகிறோம். கடைசியாக இரண்டு கேள்வி. ஆப்கானிஸ்தான் எண்கள் 2021க்குப் பிறகு திடீரென விழுகின்றன, ஏற்றுவதில் தப்பு செய்துவிட்டோமா? குழுக்களே வெளியிடும் அறிக்கைகளை ஆதாரமாக எடுக்கலாமா?

---

குருசுக்குப்பம் எழுதியது:

நீங்கள் தப்பு செய்யவில்லை. 2021 ஆகஸ்ட் 15இல் தாலிபான் காபூலைப் பிடித்தது. அன்றிலிருந்து யூசிடிபியில் ஆப்கான் அரசு என்றால் தாலிபான். செய்தவர் அரசு அல்லாத தரப்பாக இருக்க வேண்டும் என்ற விதி உள்ள கணக்கில் தாலிபான் செய்வது இனி வராது. சண்டை குறைந்ததும் உண்மை, கணக்கு விதி மாறியதும் உண்மை, இரண்டும் சேர்ந்த வீழ்ச்சி அது. வரைபடத்தில் அந்த நாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இரு பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஐஎஸ் கொராசான் கிளையின் வரிகள் தொடர்ந்து வரும். 2021 ஆகஸ்ட் 26 காபூல் விமான நிலைய வாயில் தாக்குதல் அவர்கள் ஏற்றது. 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியரும் மாண்டார்கள்.

குழுக்களின் சொந்த வெளியீடுகளை இறக்கவும் வேண்டாம், வட்டத்துக் குழுவில் பகிரவும் வேண்டாம். பகிர்ந்தால் பிரச்சாரம் பரவும், சட்டச் சிக்கலும் வரும். "ஏற்றார்கள்" என்று செய்தி நிறுவனம் எழுதியதை எடுத்து, ஏற்ற நாளை மட்டும் குறியுங்கள். அவர்கள் சொல்லும் பலி எண்ணைக் "கூடியது" பத்தியில்கூடப் போடாதீர்கள். குழுக்களின் போக்கைத் தெரிந்துகொள்ள ஐநா பாதுகாப்பு மன்றத்தில் ஐஎஸ், அல் கொய்தா மீதான தடைகளைக் கவனிக்கும் 1267 குழுவுக்கான கண்காணிப்பு அணி ஆண்டுக்கு இரண்டு அறிக்கை தருகிறது. அதில் "ஓர் உறுப்பு நாடு கூறியது" என்று வரும் இடத்தை அப்படியே எழுதுங்கள், உறுதியான செய்தி ஆக்கிவிடாதீர்கள்.

இந்தியச் சட்ட நிலையைக் குறிப்பதானால், உபா என்னும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் "சட்டவிரோத அமைப்பு" என்று அறிவிப்பது வேறு, முதல் அட்டவணையில் "பயங்கரவாத அமைப்பு" என்று சேர்ப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வைத்து, அறிவிப்பு வந்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.