எக்ஸ்மூர் நடையில் எதிரே வந்தவர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கே இருக்கும் எக்ஸ்மூர் மேட்டுநிலத்துப் பக்கம் நடக்கப் போனவர்கள் வழியில் யாரை, எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என் கதை. ஆகஸ்டில் டங்கெரி பீக்கன் ஏறினேன், எக்ஸ்மூரிலேயே உயரமான இடம், ஆனால் 519 மீட்டர்தான், மலை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். மேடெல்லாம் ஹெதர் புதர் பூத்து ஊதாவாகக் கிடந்தது. உச்சியில் இருக்கும் கற்குவியலைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது, என் ஷூவே சரியாகத் தெரியவில்லை, போனில் சிக்னலும் இல்லை. காகித மேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த புத்திசாலி நான். சரி, கலையட்டும் என்று உட்கார்ந்தேன். அப்போது பக்கத்தில் கறுக் கறுக்கென்று யாரோ புல் பிடுங்குகிற சத்தம். எக்ஸ்மூர் போனி! குள்ளமான பழுப்புக் குதிரை, மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் மாவு பூசியதுபோல வெளிறிய நிறம், மோவாய் மயிரில் பொடிப்பொடியாக நீர்த்துளி. என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. காட்டுக்குதிரை போலத் திரிந்தாலும் இவற்றுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, தீனி போடக் கூடாது. பையில் ஆப்பிள் இருந்தும் கொடுக்கவில்லை, மனசு கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

—

நான் மேட்டுக்கே போகவில்லை, பள்ளத்தாக்கு ஆள். லின்மவுத்திலிருந்து ஈஸ்ட் லின் ஆற்றோரமாக வாட்டர்ஸ்மீட் வரை நடந்தேன், அங்கேதான் ஹோர் ஓக் வாட்டர் என்ற ஓடை வந்து சேர்கிறது. ஓக் மர நிழல், பாசி, ஈர வாசனை. தாண்டிவிடலாம் போல இருக்கும் இந்த ஆறுதான் 1952 ஆகஸ்டில் ஒரே ராத்திரியில் ஊருக்குள் பாய்ந்து, அந்த வெள்ளத்தில் 34 பேர் இறந்தார்கள். ஆற்றில் கிடக்கும் பாறைகளின் அளவைப் பார்த்தால் நம்பத் தோன்றும். அந்தப் பாறை ஒன்றில்தான் டிப்பர் பறவையைப் பார்த்தேன். கொழுகொழுவென்று, நெஞ்சு வெள்ளை, நின்ற இடத்திலேயே தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது, நீச்சலுக்கு அல்ல, அடியில் பூச்சி தேட. வெளியே வந்தபோது வாயில் ஏதோ துடித்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

—

போனி, பறவை எல்லாம் சாதுக்கள். வாலி ஆஃப் ராக்ஸ் என்ற பாறைப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பாருங்கள், ஆட்டு ராஜ்ஜியம். லின்மவுத்துக்கு மேலே இருக்கும் லின்டன் ஊரிலிருந்து மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரேலென்று கடல். நடுவில் முறுக்கிய கொம்போடு ஒரு கிடா. நான் நின்றேன், அதுவும் நின்றது. கைதட்டினேன், அசை போட்டது. கடைசியில் நான்தான் பாறையோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டேன், உரசிக்கொண்டு போனது, அந்த வாடை சாயங்காலம் வரை ஜாக்கெட்டில் இருந்தது.

திரும்பும்போது லின்மவுத்துக்கு இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை, 1890இலிருந்து ஓடும் அந்தத் தண்ணீர் ரயிலில் இறங்கினேன். மேல் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள், அந்தக் கனத்தில் அது கீழே வர, கீழே இருப்பது மேலே ஏறும். பெட்டியில் ஏறியதும் பக்கத்து சீட்டு அம்மா என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்து, "ஆடா?" என்றார்.