மகளுக்கு அறை: பிரிக்பீல்ட்ஸா, கெரிஞ்சியா?

தஞ்சாவூர் அப்பா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குக் கோலாலம்பூரில் உள்ள மலாயா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விசா ஒப்புதல் கடிதமும் வந்துவிட்டது. விடுதி வேண்டாம், வெளியே தங்குகிறேன் என்கிறாள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. எங்கே தங்குவது என்பதில்தான் தகராறு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், தெரிந்தவர் மூலம் அறை பார்த்து வைத்திருக்கிறேன். கோயில், மளிகைக் கடை, நம் சாப்பாடு எல்லாம் நடை தூரம். அவளோ கெரிஞ்சியில் வேறு மூன்று பெண்களோடு சேர்ந்து ஓர் அடுக்குமாடி வீடு எடுக்கப்போகிறாளாம். அந்த மூவரில் ஒருவர்கூடத் தமிழ்ப் பெண் இல்லை. ஒரு வாரமாக வீட்டில் சரியான பேச்சில்லை. அங்கே இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

துன் சம்பந்தன் சாலை

ஐயா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸ்தான். பக்கத்திலுள்ள கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி நகர ரயில் ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, அடுத்தது யூனிவர்சிட்டி நிலையம். அங்கிருந்து வளாகத்துக்குள் டி789 பஸ் போகிறது. பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு நூலகத்திலிருந்து திரும்பினாலும் சாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும், பசியாறக் கடை இருக்கும். 2010இல் மன்மோகன் சிங் வந்து இங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார் என்பது அலங்கார வளைவுகளின் கதை. ரயில்வே வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் நம் ஊர்க்காரர்களும் அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பிருந்தே குடியிருக்கும் இடம் இது. காய்ச்சல் என்று படுத்தால் ரசம் வைத்துக் கொடுக்க ஒரு வீடு இருக்கிறது என்ற தைரியம் சாதாரணமானதா?

கெரிஞ்சிவாசி

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிக்கிறேன். ரசத்தை நான் குறை சொல்லவில்லை, அண்ணா. ஆனால் ரசம் வைத்துக் கொடுக்கும் வீட்டில் இரவு எட்டரைக்குக் கதவு பூட்டும் பழக்கமும் இருக்கும். குழு வேலை இரவு பத்து மணி வரை இழுக்கும் என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அறை பார்க்கப் போனபோது, வாடகையைச் சொல்வதற்கு முன்பே "ஊரில் நீங்கள் எந்தப் பகுதி, எந்த ஆட்கள்?" என்று கேட்ட வீட்டுக்காரரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியின் பொருள் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஐயா, உங்கள் மகள் எடுத்திருப்பது நல்ல முடிவு. முதுநிலைப் பாடம் ஆங்கிலத்தில் ஓடிவிடும். கிளினிக், அரசுப் படிவம், பழுது பார்க்க வரும் ஆள் எல்லாம் மலாய். அதை வீட்டுத் தோழிகளிடமிருந்துதான் கற்க முடியும். எங்கள் சமையலறையில் மூன்று வாணலிகள் இருக்கின்றன. பச்சை நாடா சுற்றியது ஹலால். சிவப்பு நாடா சுற்றியதில் மாட்டிறைச்சி படக் கூடாது. நாடா இல்லாததில் யாரும் எதையும் சமைக்கலாம். முதல் மாதம் இதற்காகவே இரண்டு முறை கூட்டம் போட்டோம், ஒரு முறை அழுகையும் நடந்தது. பிறகு நாடாவைப் பார்க்காமலே கை சரியான வாணலிக்குப் போகத் தொடங்கிவிட்டது.

துன் சம்பந்தன் சாலை

வாணலிக் கதை நன்றாக இருக்கிறது, தங்கச்சி. வீடு கிடைத்த பிறகு நடக்கும் கதை அது. வீடு கிடைப்பதற்கு முன் நடப்பதை ஏன் சொல்லவில்லை? வாடகை விளம்பரங்களில் "சீனர்களுக்கு மட்டும்" என்று அச்சடித்தே போடுகிறார்களே! அப்படிப் போடாதவர்களும் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் "அறை போய்விட்டது" என்கிறார்கள். மறுநாளும் அதே விளம்பரம் அதே இடத்தில் இருக்கும். குடியிருப்பு வாடகைச் சட்டம் வரும் என்ற பேச்சு எத்தனையோ ஆண்டாக ஓடுகிறது. ஊரிலிருந்து வரும் பிள்ளை முதல் வாரத்திலேயே இந்த அவமானத்தைப் பட வேண்டுமா? தமிழர் தமிழரிடம் போவது குறுகிய புத்தியால் அல்ல. மற்ற கதவுகள் மூடியிருப்பதால்தான்.

கெரிஞ்சிவாசி

இதை நான் மறுக்க மாட்டேன். மறுக்கவும் முடியாது. ஆனால் அவருடைய மகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. திறந்த கதவை அப்பா எதற்கு மூட வேண்டும் என்பதுதான் கேள்வி.

திருச்சி டு கேஎல்

இரண்டு பேரும் பேசாத ஒன்றை நான் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் தங்கும் மாணவர்களுக்கு அருகிலேயே வேலை கிடைத்துவிடுகிறது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன? வெளிநாட்டு மாணவர் பருவ விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுப்பிலோதான் வேலை செய்யலாம். அதுவும் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். கல்வி நிறுவனம் வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, ஹோட்டல் போன்ற சில இடங்கள்தான். கல்லாவில் உட்காரக் கூடாது. வகுப்பு நடக்கும் காலத்தில் ஒரு தட்டுக் கழுவினாலும் குற்றம்தான்.

நடைமுறை என்ன? என் அறைத் தோழன் ஓர் உணவகத்துக்கு மேல்மாடியில் தங்கியிருந்தான். முதலாளி அவனை மகனே என்றுதான் கூப்பிடுவார். "மாலையில் சும்மாதானே இருக்கிறாய், கொஞ்சம் கைகொடு" என்று தொடங்கியது. சாப்பாடு இலவசம், கையில் கொஞ்சம் வெள்ளி, அதாவது ரிங்கிட். பருவத் தேர்வு வரும்போது அவன் இரவு ஒன்றரை மணி வரை கல்லாவில் இருந்தான். மாணவர் அனுமதியைப் புதுப்பிக்க வருகைப் பதிவு 80 விழுக்காடு வேண்டும். அவனுக்கு அது இல்லை. சோதனைக்கு அதிகாரிகள் வந்த அன்று முதலாளி, "இவன் யாரென்றே எனக்குத் தெரியாது" என்றார். அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். கடை இன்றும் கூட்டமாகத்தான் இருக்கிறது.

உறவு முறை சொல்லி வேலை வாங்குகிறவரிடம் சம்பளம் பேச நமக்கு நா எழாது. அந்நியரிடம் என்றால் முதல் நாளே கேட்டிருப்போம்.

துன் சம்பந்தன் சாலை

ஒரு கடைக்காரர் செய்த அயோக்கியத்தனத்துக்கு ஒரு வட்டாரத்தையே தண்டிப்பது என்ன நியாயம்? அந்தப் பிள்ளை வேலைக்குப் போகப்போவதில்லை. அறைதான் கேட்கிறார்கள்.

பினாங்கு வாத்தியார்

நான் பினாங்குக்காரன். உள்ளூர்த் தமிழன், இங்கேயே பிறந்தவன். வெளியிலிருந்து ஒன்று சொல்லட்டுமா?

நீங்கள் எல்லோரும் மலேசியத் தமிழரை வந்தவர்களுக்கு விருந்து வைக்கக் காத்திருக்கும் சொந்தக்காரர்களாக நினைக்கிறீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசு மெட்ரிகுலேஷன் படிப்பில் ஓர் இடத்துக்கு எங்கள் பிள்ளைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியுமா? பூமிபுத்ரா, அதாவது மலாய்க்காரரும் பழங்குடியினரும், அல்லாத எல்லோருக்குமாகச் சேர்த்து அங்கே ஒதுக்கீடு பத்து விழுக்காடு. அது கிடைக்காதவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான எஸ்டிபிஎம் தேர்வு எழுதிப் போராடி அதே மலாயா பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார்கள். அதே வகுப்பில் கட்டணம் கட்டி வந்து உட்காரும் வெளிநாட்டுத் தமிழ் மாணவர், "இங்கே எல்லாம் நம் ஊர் மாதிரியே இருக்கிறது" என்று சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நட்பு அங்கேயே முடிந்துவிடும்.

பினாங்கில் இந்த வாதமே எழுவதில்லை. 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் குளுகோரில் இருக்கிறது. நம் லிட்டில் இந்தியா ஜார்ஜ்டவுனில் இருக்கிறது. இடையே பஸ்ஸில் நல்ல தூரம். அதனால் மாணவர்கள் எந்த நாட்டவரானாலும் வளாகத்துக்கு அருகிலுள்ள சுங்கை டுவா பக்கம் சேர்ந்து தங்குகிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையில் நிற்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். தமிழ்ச் சூழல் போய்வரும் தூரத்தில் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் வேறு தொடங்கியது. அடுத்த பிள்ளையை இங்கே அனுப்புங்கள், ஐயா.

துன் சம்பந்தன் சாலை

வாத்தியார் வழக்கம்போல் பினாங்குக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

தஞ்சாவூர் அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். கதவு பூட்டும் நேரம் பற்றிப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இன்று கேட்டேன். "ஒன்பதுக்குள் வந்துவிட்டால் நல்லது" என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மகளுக்குப் பிடிக்கவில்லை. செலவில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

கெரிஞ்சிவாசி

வாடகை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரண அறைக்கு 600 முதல் 900 வெள்ளி கேட்பார்கள். முதல் நாள் கட்டும் தொகைதான் பலரைத் திகைக்க வைக்கிறது. இங்கே வழக்கம், இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வாடகை, அதோடு முதல் மாத வாடகை. 700 வெள்ளி அறை என்றால் 1,400, 350, 700, ஆக 2,450 வெள்ளி கையில் இருக்க வேண்டும். பயணச் செலவில் கெரிஞ்சிதான் லாபம், ஒரே நிறுத்தம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் உள்ள 50 வெள்ளி மாதச் சீட்டு குடிமக்களுக்கு மட்டுமே. நாங்கள் ஒவ்வொரு முறையும் கட்டணம் கொடுத்துத்தான் போகிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஒன்பது மணிக் கட்டுப்பாடு உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றீர்கள். அவள் தனி நாட்டில் தனியாக மாணவர் அனுமதியில் வாழப்போகிறாள். அனுமதியைப் புதுப்பிப்பதும் மருத்துவப் பரிசோதனைக்குப் போவதும் வங்கிக் கணக்குத் திறப்பதும் அவள்தான். இத்தனையையும் செய்கிறவளுக்கு வீடு திரும்பும் நேரம் தெரியாதா?

துன் சம்பந்தன் சாலை

அப்பாவுக்குப் பிள்ளை மீது அக்கறை இருக்கக் கூடாதா, தங்கச்சி? உன் அப்பா உன்னிடம் கேட்காமலா அனுப்பினார்?

கெரிஞ்சிவாசி

கேட்டார். நான் பதில் சொன்னேன். அதன் பிறகு அவர் பூட்டுக்கு ஆள் தேடவில்லை.

தஞ்சாவூர் அப்பா

சரி, சண்டை வேண்டாம். மகள் இப்போதுதான் கெரிஞ்சி வீட்டு ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினாள். நானே கேட்டு வாங்கினேன். அதில் வீட்டு உரிமையாளர் என்று ஒரு பெயர் இருக்கிறது. பணம் கட்டச் சொல்லும் வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில் இருக்கிறது. இங்கே அப்படித்தான் வழக்கமா?

திருச்சி டு கேஎல்

ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து அறை அறையாக உள்வாடகை விடுகிறவராக இருக்கலாம். அது இங்கே சாதாரணம். அப்படியானால் உரிமையாளர் அவருக்கு எழுதிக் கொடுத்த சம்மதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் ஆள் ஏமாற்றுக்காரர்.

கெரிஞ்சிவாசி

திருச்சி அண்ணா சொல்வதுதான் சரி. எந்த அடுக்குமாடி, எந்தத் தொகுதி என்று மட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள், ஐயா. சனிக்கிழமை நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, காவலாளியிடமும் விசாரித்துச் சொல்கிறேன்.

துன் சம்பந்தன் சாலை

பிரிக்பீல்ட்ஸ் அறையை அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று நான் அந்த அம்மாவிடம் சொல்லி வைக்கட்டுமா?